பதினொன்றாம் தேதி, காலை 9.20

வேங்கிக்கால்
5.11.2024, செவ்வாய்

திருமதி அருணாதேவி அவர்களுக்கு,

வணக்கம்.

மனு எழுதும் கடையை நாம் சேர்ந்து நடத்திய இருபத்திரண்டு ஆண்டுகளில் உங்களுக்கு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இது. போனில் என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்ட வேண்டும். அதில் நான் தட்டுவதையெல்லாம் வேறொருவர் படித்துக்கொண்டிருக்கிறார். அது யார் என்று உங்களைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு முதல் நாள் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளும் டம்ளரைப் பிடித்திருந்தன. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஆதார் நகல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோமே, அந்த ஃபோல்டரைத் திறந்தது. ஒவ்வொரு பெயராக இறங்கிப் பார்த்தது. நான் மவுஸைத் தொட்டதும் நின்றது. தொடாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஃபோல்டரை மூடிவிட்டுப் போனது. கடையில் ஒரு ஆள் என் மடியில் உட்கார்ந்து எழுந்து போனதுபோல் இருந்தது.

நேற்று ஜோதியம்மாள் வந்தார். உங்கள் தெருவில் பூக்கட்டும் ஜோதியம்மாள்தான். வடக்கே ஏதோ ஊரிலிருந்து போலீஸ் பேசினார்களாம். அவர் பெயரில் வாங்கிய சிம் கார்டில் யாரையோ ஏமாற்றியிருக்கிறார்கள். "எம் பேர்ல எவனோ போன் வெச்சிருக்கானாம்மா. நான் பட்டாவுக்கு மனு எழுத உங்கிட்ட குடுத்தது தவிர ஆதாரை வெளிய எடுத்ததே இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கவுன்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அருணகிரியிடம் போய்க் கேட்டேன். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் கம்ப்யூட்டரைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் வைரஸ் உண்டாம், டிரோஜன் என்று பெயராம். "யாரோ உள்ள வெச்சிட்டுப் போயிருக்காங்க மேடம்" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டரில் இத்தனை ஆண்டுகளில் உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். கடைச் சாவி இருப்பதும் இரண்டு பேரிடம். அடி அண்ணாமலையில் உங்கள் வீட்டில் இருந்தபடியே கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து பிரிண்டரைச் சரிசெய்வீர்களே, அதை நான் எத்தனை முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் விலகினீர்கள். அதற்குப் பிறகுதான் இதெல்லாம்.

நீங்கள் இல்லாமல் கடை நடக்காது என்று எண்ணியிருந்தால் அது நடக்கிறது. தமிழ் கீபோர்டு மென்பொருள் காலாவதி என்று சொன்னபோது, திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் நானே புதிதாகப் போட்டேன். யாரையும் கூப்பிடவில்லை.

வரும் திங்கட்கிழமை, 11ஆம் தேதி, கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப்போகிறேன். அதற்குள் உங்களிடமிருந்து நேர்மையான பதில் வந்தால் உங்கள் பெயர் அதில் இருக்காது.

உங்கள் கணவர் திரு. இருசப்பன் அவர்கள் தேறி வருவதாக ஆட்டோக்கார மணிவேல் சொன்னார். மகிழ்ச்சி.

இப்படிக்கு,
கோ. எழிலரசி


அடி அண்ணாமலை
7.11.2024

எழில்,

திருமதி, அவர்களுக்கு, நீங்கள். எழுதும்போது உனக்கே சிரிப்பு வரவில்லையா? கல்லூரிப் பேருந்தில் என் டிபன் பாக்ஸை எனக்கு முன்னால் திறந்து தின்றவள் நீ.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு மணிவேல் ஆட்டோவை நகர்த்தவில்லை. "பதில் வாங்கிட்டு வரச் சொன்னாங்கக்கா. ரெண்டு பேர் கைலயும் போன் இருக்குது, நான் என்னாத்துக்குத் தபால்காரனா திரியணும்?" என்றார். பதில் இல்லை என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன், அதுவும் ஜோதியம்மாளுக்காக. அவர் என் வீட்டு வாசலிலும் வந்து நின்றார்.

நான் எதையும் வைக்கவில்லை. இதை ஒரு முறைதான் சொல்வேன்.

நீ எழுதிய ஆயிரக்கணக்கான மனுக்களைத் தட்டியவள் நான். சாட்சி இருந்தால் நேராகச் சொல்வாய். இல்லாவிட்டால் 'நம்பத்தகுந்த வகையில் தெரியவருகிறது' என்று போடுவாய். வருகிறவர்கள் அந்த வரியைக் கேட்டதும் ஜெயித்துவிட்டதுபோல முகம் மலர்ந்து போவார்கள். இந்த முறை அந்த வரி என் தலையில் விழப்போகிறது, இல்லையா?

என் பெயரில் இங்கே இ-சேவை மையம் திறக்க விண்ணப்பித்திருக்கிறேன். காவல்துறைச் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. என்மேல் ஒரு கம்ப்யூட்டர் புகார் வந்தால் அது அங்கேயே முடிந்துவிடும். வீட்டை விட்டு நான் வேறெங்கும் போய் வேலை செய்ய முடியாது. அவரைக் குளிக்கவைக்க இரண்டு வேளையும் நான் வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறாய்.

ஆகஸ்டில் அவர் பாத்ரூமில் விழுந்து வாய் கோணிப்போன அன்று உன்னைத்தான் முதலில் கூப்பிட்டேன். "அப்ப கடைய யாரு பாக்கறது?" என்றாய். அவர் எப்படி இருக்கிறார் என்பது உன் இரண்டாவது கேள்வி. இன்றுவரை வந்து பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம்.

இப்போது வேலையைப் பார்.

முதலில் நெட் கேபிளைப் பிடுங்கு. கழற்றி மேசைமேல் வை, உன் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி. இணைப்பு இல்லாவிட்டால் அவன் குருடன். அந்தக் கீபோர்டில் இனி ஒரு பாஸ்வேர்டும் தட்டாதே, தட்டுகிற எழுத்தெல்லாம் அவனுக்குப் போகும். உன் வீட்டுக்காரர் கோபியின் போனை வாங்கி எல்லாப் பாஸ்வேர்டையும் அதிலிருந்து மாற்று. நம் இரண்டு பேருக்கும் தெரிந்த பழைய சொல்லில் ஒரு எண்ணைச் சேர்த்து மாற்றுவது மாற்றமாகாது.

அடுத்து, கம்ப்யூட்டர் திறந்தவுடன் தானாக ஓட ஆரம்பிக்கும் நிரல்களின் பட்டியலைப் பார். நான் வைத்தவை ஐந்து. பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, தமிழ் கீபோர்டு, ஆன்டி வைரஸ். ஆறாவதாக ஒன்று இருக்கும். பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி பெயர் வைத்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு அழிக்காதே. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, என்றைக்கு வந்தது என்று பார்த்துத் தாளில் எழுதி வை.

காலையில் கம்ப்யூட்டர் தேதி கேட்கும்போது இன்னும் தினமும் F1 அழுத்தி, சுவரில் காலண்டரைப் பார்த்துத்தான் தேதி போடுகிறாயா? உள்ளே பட்டன் பேட்டரி செத்துவிட்டது, மாற்று என்று நான்கு வருடமாகச் சொன்னேன். "அதான் காலண்டர் இருக்குதே" என்பாய். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றும் பல வருடம் ஆகிறது. அதற்கும் நான்தான் காரணம் என்று மனுவில் சேர்த்துக்கொள்.

அருணா


வேங்கிக்கால்
9.11.2024, சனி

திருமதி அருணாதேவி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். படிக்கப் படிக்க உங்கள் குரலில்தான் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தேன்.

கேபிள் மேசைமேல் இருக்கிறது. பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டேன், அந்தப் பழைய சொல் எதிலும் இல்லை. மனு எழுத வருகிறவர்களை இரண்டு நாளாகத் திருப்பி அனுப்புகிறேன். பட்டியலில் ஆறாவது இருந்தது. விண்டோஸின் சொந்த நிரல் ஒன்றின் பெயர், நடுவில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். ஒளித்து வைத்த ஃபோல்டர் ஒன்றுக்குள் இருந்தது. ஆன்டி வைரஸ் அணைந்து கிடந்தது.

வந்த நாளைப் பார்த்தேன். 11.10.2024, காலை 9.20.

இரண்டு முறை பார்த்தேன். கோபியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் படித்தார்.

அக்டோபர் 11 சரஸ்வதி பூஜை. விலகிப் போன பிறகும் "இந்த வருசம் பூஜைய மட்டும் நானே பண்ணிட்டுப் போறேன்" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். எனக்கு மனம் இளகி, சரி என்றேன். நீங்கள் ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தீர்கள். வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு நான் வரும்போது பத்து. அந்த ஒரு மணி நேரம் நீங்களும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் உள்ளே. நான் வந்தபோது எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மானிட்டர்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, காலண்டருக்குக்கூடப் பூ வைத்திருந்தீர்கள். பொரி கடலை கொடுத்தீர்கள். நான் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினேன்.

ஆகஸ்டில் நான் கேட்டது தவறுதான். ஒத்துக்கொள்கிறேன். வராததற்கும் காரணம் சொல்லப்போவதில்லை. ஆனால் அதற்குப் பதிலாக ஜோதியம்மாளின் கைரேகையையும் ஆதாரையும் யாருக்கோ திறந்துவிடுவது எந்த ஊர் நியாயம்? என்மேல் கோபம் இருந்தால் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மனு எழுதிவிட்டேன். 'நம்பத்தகுந்த வகையில்' என்ற வரி அதில் இல்லை. தேதியும் நேரமும் இருக்கின்றன. நாளை மறுநாள் கொடுப்பேன்.

கோ. எழிலரசி


அடி அண்ணாமலை
10.11.2024, ஞாயிறு

எழில்,

மணிவேலை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இன்றைக்கே உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு நீ வரிசையில் நிற்பதற்கு முன்னால் இதைப் படி.

பூஜை அன்று நான் கம்ப்யூட்டரைத் தொட்டது குங்குமம் வைத்த விரலால் மட்டும். சுவிட்சைப் போடவில்லை. சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைப் படிக்கக்கூடாது என்று பரீட்சைக்கு முதல் நாள்கூட மூடி வைத்தவள் நான். அதற்காக அந்த வருடம் என்னை நீ எத்தனை கேலி செய்தாய்?

ஆகவே அந்தத் தேதி பொய். ஏன் பொய் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில்தான் தெரியும். உன் மனுக்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து தேதி வாரியாக அடுக்கு. அக்டோபர் 11 அன்று வேறென்ன சேமித்திருக்கிறது என்று பார். நாம் யாருமே வேலை செய்யாத நாள். ஒன்றுமே இருக்கக்கூடாது. ஏதாவது இருந்தால் கம்ப்யூட்டர் உன்னிடம் தப்புத் தேதி சொல்கிறது என்று அர்த்தம். பத்து நிமிட வேலை.

சுத்தம் செய்வது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், மறுபடி இதற்கென்று ஒரு கடிதம் எழுத முடியாது. அருணகிரியிடம் வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் தயாரித்த, வைரஸ் தேடும் பென் டிரைவ் வாங்கு. அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து முழுவதும் தேடவிடு, நம் பென் டிரைவ்கள் மூன்றையும் சேர்த்து. ஆறாவதை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று அருணகிரி சொன்னால் கேட்காதே. அது இன்னும் எங்கே முட்டையிட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மனுவையும் ஸ்கேனையும் மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை முழுக்க அழித்துப் புதிதாகப் போடச் சொல். பழைய நிரல் ஒன்றையும் திரும்ப ஏற்றாதே.

ஆதார் கொடுத்தவர்கள் எல்லோரிடமும் நீயே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் கைரேகையைப் பூட்டி வைக்க வழி இருக்கிறது.

பத்து நிமிடம், எழில். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அருணா


அடி அண்ணாமலை
16.11.2024

எழில்,

நேற்று போலீஸ் வந்தது. நீ நாள் பார்த்துக் கொடுக்கவில்லை என்று தெரியும். ஆனாலும் பௌர்ணமி. எங்கள் தெரு முனையிலிருந்து கிரிவலப் பாதைவரை ஜனம். எங்கள் வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே டம்ளரோடு நின்று பார்த்தார்கள்.

வந்த இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "சிஸ்டம் எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். மையத்துக்கென்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. பெட்டியோடு எடுத்துப் போனார்கள். என் போனையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

அவர் கட்டிலில் இருந்து எழப் பார்த்தார். மூன்று மாதமாக அவருக்கு வார்த்தை சரியாக வரவில்லை. "எழிலு... எழிலு கிட்ட... கேளுங்க" என்றார். எனக்கு மட்டும்தான் புரிந்தது. எழிலைக் கேட்டால் என்னைப் பற்றிச் சொல்லுவாள் என்று அவர்களுக்குச் சாட்சி சொல்கிறார். புகார் கொடுத்ததே நீ என்று அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நேற்று சாப்பிடவில்லை.

மைய விண்ணப்பம் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

ஜோதியம்மாள் இன்று காலை வந்தார். வாசலோடு நின்றார். "நீயாம்மா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பத்து நிமிடம் கேட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டும் போய்க் கொடுத்திருக்கிறாய். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அருணா


வேங்கிக்கால்
18.11.2024, திங்கள்

அருணா,

உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை நான் படிக்கவில்லை.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மணிவேல் அன்று மாலையே கையில் கொடுத்தார். "இப்பவே படிக்கச் சொன்னாங்கக்கா" என்றும் சொன்னார். பிரிக்காமல் மேசை டிராயரில் போட்டேன். படித்தால் மனு கொடுக்கும் தைரியம் போய்விடும் என்று பயம். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அருணகிரி கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய வருவதாக இருந்தது. நீ ஏதாவது வழிமுறை எழுதியிருப்பாய் என்று தோன்றியது. அதற்காகத்தான் உறையைப் பிரித்தேன். உன் பக்கத்தைக் கேட்க அல்ல, கம்ப்யூட்டரைச் சரிசெய்ய. உன்னிடம் இத்தனை வருடமும் நான் வந்தது அதற்குத்தான் என்று நீ சொல்லுவாய். சொல்.

தேதி வாரியாக அடுக்கினேன். அக்டோபர் 11 அன்று இருபத்து மூன்று மனுக்கள் இருந்தன.

ஒன்றுமே இருக்கக்கூடாத நாளில் இருபத்து மூன்று. முதலில் வந்தது ஜோதியம்மாளின் பட்டா மனு. திறந்து பார்த்தேன். மேலே தலைப்பில் 14.10.2024 என்று இருக்கிறது. திங்கட்கிழமை மனுவுக்கெல்லாம் தேதியோடு தலைப்பை முந்தின வாரமே தட்டி வைத்துவிடுவோமே, அது. எல்லா மனுவிலும் 14. அத்தனையும் கம்ப்யூட்டர் கணக்கில் 11ஆம் தேதி சேமித்தவை.

காலண்டரை நிமிர்ந்து பார்த்தேன், அருணா. அப்போதுதான் புரிந்தது.

பூஜை அன்று பத்தாம் தேதித் தாளைக் கிழித்து, 11ஐ முன்னால் வைத்து, அதன்மேல் பூ வைத்தவள் நீ. அடுத்து இரண்டு நாள் கடை இல்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்குள் வாசலில் முப்பது பேர். பூவை எடுக்கவில்லை, தாளைக் கிழிக்கவில்லை. கம்ப்யூட்டர் வழக்கம்போலத் தேதி கேட்டது. F1 அழுத்தி, சுவரைப் பார்த்து, 11 என்று போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில்தான் காய்ந்த பூவை எடுத்து நான்கு தாளையும் சேர்த்துக் கிழித்தேன். நான்கு தாள் சேர்ந்து வந்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் தமிழ் கீபோர்டு காலாவதி என்று நின்றது. அதற்கு வருடாவருடம் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கூப்பிட வீம்பு. நெட்டில் தேடி இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கினேன். 'ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்' என்று அதிலேயே எழுதியிருந்தது. நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் எழுத்து வந்துவிட்டது. ஜோதியம்மாள்தான் முதல் ஆள். அவருடைய மனு சேமித்த நேரம் 9.26. ஆறாவது நிரல் வந்தது 9.20.

வைத்தது நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்டி வைரஸ் அணைந்து கிடந்தது என்று உனக்கு எழுதினேன் அல்லவா? அதை அணைத்தது நான் என்று அப்போதே எனக்கு நினைவிருந்தது. அது 14, இது 11, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் நீ அப்போதே கண்டுபிடித்திருப்பாய். அதனால்தான் எழுதவில்லையோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். தேதி 11 என்று பார்த்தபோது எனக்குள் வந்தது அதிர்ச்சி இல்லை, நிம்மதி. நீ கெட்டவளாக இருந்தால், நீ என்னை விட்டுப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நீ போனது உன் புருஷன் விழுந்ததால். அது ஒரு காரணமாக எனக்குப் போதவில்லை. என்னைவிட அவர் முக்கியமா என்று ஒரு நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

உன் பதினாறாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. அவர் என் பெயரைச் சொன்ன இடத்துக்கு மேல் உடனே படிக்க முடியவில்லை.

இன்று காலை குறைதீர் கூட்ட வரிசையில் போய் நின்றேன். புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். எழுதித் தரச் சொன்னார்கள். வெளியே மரத்தடியில் நின்று எழுதினேன். நகல் இத்துடன் இருக்கிறது. ஐந்து வரி. 'அருணாதேவி மீது நான் கொடுத்த புகார் தவறானது. அவர் எதுவும் செய்யவில்லை. தீங்கான நிரலை 14.10.2024 அன்று அறியாமல் நிறுவியவள் நானே. தேதியைத் தவறாகப் பதிந்தவளும் நானே. அவருடைய பொருட்களைத் திருப்பித் தர வேண்டுகிறேன்.' பணிந்து, கனிவுடன், சமூகம் என்று ஒரு வார்த்தையும் போடவில்லை. நான் எழுதியதிலேயே சின்ன மனு இதுதான். இதைத் தட்ட நீ தேவைப்படவில்லை.

கம்ப்யூட்டரை முழுக்க அழித்தாயிற்று. மூன்று பென் டிரைவில் இரண்டில் அது இருந்தது. ஆதார் கொடுத்தவர்கள் நூற்று நாற்பது பேர். பட்டியல் எடுத்து வைத்திருக்கிறேன், நாளையிலிருந்து வீடு வீடாகப் போகப்போகிறேன். முதல் வீடு ஜோதியம்மாள். அது நீ அல்ல, நான் என்று அவர் தெருவில் நின்று சொல்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரலாமா? அவரைப் பார்க்க வேண்டும். பேச மாட்டேன், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது.

எழில்


அடி அண்ணாமலை
27.11.2024

திருமதி எழிலரசி அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் 18ஆம் தேதிக் கடிதமும் மனுவின் நகலும் கிடைத்தன. பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளவும். என் போனும் கம்ப்யூட்டரும் நேற்றுத்தான் திரும்பி வந்தன. மைய விண்ணப்பத்துக்கு மறுபடி முதலிலிருந்து சரிபார்ப்பு நடக்கும் என்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு ஆகலாம்.

நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்து ஜோதியம்மாளிடம் பேசியதை அவர் சொன்னார். சிம் கார்டு விஷயமாக அவருக்குப் புகார் ஒன்று எழுத வேண்டியிருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன். உங்கள் அளவுக்கு வரவில்லை. ஆனால் ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஞாயிறு போய்விட்டது. இனியும் வர வேண்டாம். புதியவர்கள் வந்தால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

இத்துடன் பட்டன் பேட்டரி ஒன்று வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்து, மின்சார வயரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறக்கவும். பழையதை ஓரத்தில் நெம்பினால் வந்துவிடும். கூட்டல் குறி உள்ள பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். போட்ட பிறகு ஒரே ஒரு முறை சரியான தேதியைக் கொடுங்கள். அதற்குமேல் அது உங்களைக் கேட்காது.

உறையின் அடியில் கடைச் சாவியும் இருக்கிறது. அடுத்த வருடப் பூஜைக்கு நீங்கள்தான் நேரத்தோடு வர வேண்டியிருக்கும்.

மணிவேலைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இ. அருணாதேவி